பிரம்பை இறக்கி வைத்த அண்ணன்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்க்கும் ஊராருக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். அண்ணனைப் பற்றி எழுதும் வேலையை வீட்டில் எல்லோரும் சேர்ந்து என் தலையில் கட்டிவிட்டார்கள். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள் நான் ஒருத்திதான் என்பது அவர்கள் சொன்ன காரணம். எனக்கு நாக்கு நீளம் என்பது சொல்லாத காரணம். எழுத உட்கார்ந்தபோது அண்ணி மட்டும் அருகில் வந்தார்.

"நல்லவரு, வல்லவருன்னு மட்டும் எழுதிக்கினு போயிடாத. அவரு ஒரு தப்பு பண்ணாரு பாரு, அதையும் எழுது. அது இல்லன்னா அவரை எழுதினதாவே ஆவாது."

அண்ணி சொன்னபடியே எழுதுகிறேன்.

ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரியில் மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த எங்கள் குப்பத்தில் அண்ணன் தலைமகனாகப் பிறந்தார். ஆந்திர எல்லை கூப்பிடு தூரம் என்பதால் அப்பாவை நாங்கள் நைனா என்றே அழைப்போம். பெரியவர்கள் எங்களைச் செல்லமாகக் கூப்பிடுவதும் அதே சொல்லால்தான். நைனா ஊர்த்தலைவராக இருந்தார். காய்ச்சலில் விழுந்த நைனா எழுந்திருக்கவே இல்லை. அப்போது அண்ணனுக்கு மீசைகூடச் சரியாக அடர்ந்திருக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஊரார் அவரை அம்மன் கோயிலுக்கு அழைத்துப்போய்ப் பிரம்பைக் கையில் கொடுத்தார்கள்.

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காக அந்தப் பிரம்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது அம்மனுடையது. சந்நிதியிலேயே சாய்த்து வைத்திருக்கும். வழக்கு வந்தால் பூசாரி அதை எடுத்துத் தலைவர் கையில் கொடுப்பார். பிரம்பு கையில் இருக்கும்வரை அவர் பேசுவது அம்மன் பேச்சு. அந்த நேரத்தில் அவர் யாருக்கும் உறவில்லை. பெற்ற தாயானாலும் 'தலைவரே' என்றுதான் அழைக்க வேண்டும். இது தெரியாமல், பாவாடை கட்டிய வயதில் நான் ஒருமுறை ஊர்க்கூட்டத்துக்கு நடுவே ஓடிப்போய், "அண்ணா, கஞ்சி ஆறிப் போவுது, வா" என்று கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். அம்மா என் முதுகில் வைத்த அடி ஊருக்கே கேட்டது. அண்ணன் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கியதை நான் பார்த்தேன். பிரம்பு கையில் இருந்ததால் அவரால் சிரிக்கவும் முடியவில்லை.

ஏரியில் இறாலும் மீனும் அதிகமாக ஓடும் இடத்தைப் பாடு என்போம். பாட்டில் எல்லோரும் ஒரே நாளில் வலை கட்ட முடியாது. அம்மன் முன்னால் சீட்டுக் குலுக்கி, இன்று இவர், நாளை அவர் என்று முறை வைத்துக் கட்டுவோம். பணக்காரனுக்கும் ஒரு முறைதான், ஓட்டைப் படகுக்காரனுக்கும் ஒரு முறைதான். உன் முறையன்று புயலடித்தால் அது உன் தலைவிதி, மறுநாள் கேட்க முடியாது. இந்த முறையைக் காப்பதுதான் தலைவரின் முதல் வேலை. அண்ணன் அதை நன்றாகவே செய்தார். ஊரில் ஒருவர் அடுத்தவர் முறையில் வலை கட்டிவிட்டால், அவருடைய அடுத்த முறையை எடுத்துப் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்து, அம்மனுக்குத் தேங்காய் உடைக்கச் சொல்வார். அத்தோடு வழக்கு முடிந்துவிடும். இருவரும் ஒன்றாகவே வீட்டுக்குப் போவார்கள். அண்ணியைக் கைப்பிடித்ததும், என்னைக் கும்மிடிப்பூண்டிக்கு ரயிலேற்றிப் படிக்க வைத்ததும், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனானதும் இந்த ஆண்டுகளில்தான். வீட்டில் பெரிய வசதி இல்லை. அண்ணன் முகத்தில் குறையும் இல்லை.

அறுபதுகளின் கடைசியில் ஒரு தை மாதம் அந்த வழக்கு வந்தது. வலையைத் தப்பாகக் கட்டியவர் சிங்காரம், அண்ணியின் உடன்பிறந்த தம்பி. அவருடைய முறையன்று காற்றும் மழையும் அடித்து ஏரியில் இறங்க முடியவில்லை. மனைவி வள்ளி மாசமாக இருந்தாள், வீட்டில் அரிசி இல்லை. மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகப் போய் வலையைக் கட்டிவிட்டார். அன்றைய முறை கன்னியப்பனுடையது. ஊர் முறையில் எங்களுக்குச் சித்தப்பா. அவர் வீட்டிலும் வயிறுகள் உண்டு. அவர் பிராது கொடுத்தார், அது நியாயமான பிராது.

கூட்டம் கூடியது. எல்லோர் கண்ணும் அண்ணன் மேல். மச்சினனை விட்டுவிடுவாரா என்று பார்க்கவே வந்தவர்கள் பாதிப் பேர். அண்ணன் பிரம்பைப் பிடித்தபடி எழுந்து, சிங்காரத்தின் அடுத்த முறையைக் கன்னியப்பனுக்குக் கொடுத்தார். அதோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. "ஆடித் திருவிழா வரைக்கும் இந்தக் குடும்பத்துக்கு ஊர்க்கட்டு. நெருப்பு, தண்ணி, பேச்சு எதுவும் கிடையாது. யாரு உதவி பண்ணாலும் அவங்களுக்கும் அதே கட்டு" என்றார். சிங்காரத்தின் படகு தள்ளும் கோலை வாங்கிக் கோயில் சுவரில் சாய்த்தார்கள். அவர் குடும்பம் ஊர் எல்லைக்கு வெளியே, மணல்மேட்டில் குடிசை போட்டுக்கொண்டது.

ஊர் அண்ணனைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. தலைவர் என்றால் இப்படி இருக்க வேண்டும், சொந்தபந்தம் பார்க்கவில்லை என்று கிணற்றடியிலும் வலை காயும் இடத்திலும் இதே பேச்சு. அண்ணனுக்கும் உள்ளூரப் பெருமைதான். எனக்குப் பெருமை தாங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று நான்கு நாள் கழித்து ஒரு மத்தியானம், அண்ணி அண்ணனுக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னார்.

"மச்சினன்னு பாக்கலன்னு ஊரே மெச்சிக்கினு கீது. நான் சொல்றேன், நீங்க மச்சினன்னுதான் பாத்தீங்க."

அண்ணன் கை சோற்றிலேயே நின்றது. "இன்னா சொல்ற?"

"போன வருசம் இதே தப்பை வேற ஒருத்தன் பண்ணப்போ தேங்கா ஒடச்சிட்டு ஊட்டுக்குப் போனான். என் தம்பிக்கு மட்டும் ஆடி வரைக்கும் தண்ணி கெடையாது. உங்களை யாரும் ஒண்ணும் சொல்லிடக் கூடாதுன்னு அவன் தலையில வெச்சீங்க. ஒரவு பாத்து விட்டுட்டா தப்புன்னா, ஒரவு பாத்து அழுத்தினா அது மட்டும் நியாயமா?"

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். அண்ணன் சாப்பிடாமல் எழுந்து போனார். அன்று முழுவதும் படகடியில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் அவர் பூசாரி மாமாவிடம் பேசப்போனார், நானும் விளக்குக்கு எண்ணெய் எடுத்துக்கொண்டு கூடப் போனேன். பூசாரி மாமா கையை விரித்தார். "அம்மன் பேர்ல சொன்னது தம்பி. நீ மாத்தினா அம்மன் மாத்தினா மாதிரி. அதுவும் மச்சினனுக்காக மாத்தினேன்னா, நாளைக்கு எவன் பிரம்புக்கு அடங்குவான்? அவ கையில கத்தி இருக்குறது சும்மா அழகுக்கா?"

"கத்தி இருக்குது மாமா. இன்னொரு கையில குங்குமக் கிண்ணமும் இருக்குதே" என்றார் அண்ணன்.

"அது வேற கை."

"ஒடம்பு ஒண்ணுதானே" என்று சொல்லிவிட்டு அண்ணன் அம்மன் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "ஊட்டுல அம்மை போட்டா இன்னா சொல்றோம்? ஆத்தா வந்துகிறாங்கறோம். ஒடம்பை எரிக்கிறவளும் அவதான், பக்கத்துல வேப்பிலையா கெடக்கறவளும் அவதான். தண்ணி ஊத்துற வரைக்கும் அந்த ஊட்டை விட்டு அவ நகர்றதில்ல. தண்டிச்சா அங்கயே தங்கறா மாமா. நாம தண்டிச்சிட்டு ஊட்டுக்கு வந்து சோறு துன்றோம்."

பூசாரி மாமா என் கையிலிருந்த எண்ணெயை வாங்கி விளக்கில் ஊற்றப் போனார். அண்ணனிடம் அப்போது வழி இல்லை. தீர்ப்பை அழித்தால் அது மச்சினனுக்குக் காட்டிய சலுகை. அழிக்காவிட்டால், தான் செய்த அநியாயம் அம்மன் பேரில் நடந்துகொண்டே இருக்கும். ஒரு மனிதன் கையில் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டால் அவன் நல்லவனாக இருப்பது எவ்வளவு சிரமம் என்று அந்த நாட்களில்தான் பார்த்தேன்.

மாசி மாதம், சீட்டுக் குலுக்க ஊர் கூடியிருந்த ஒரு காலையில், சிங்காரம் எல்லையில் இருந்த வேப்பமரம் வரை வந்து கையைக் கட்டி நின்றார். ஊர்க்கட்டில் இருப்பவர் ஊரோடு பேசக்கூடாது. ஆனாலும் பேசினார்.

"தலைவரே, வள்ளிக்கு நோவு கண்டுக்கிச்சு. கொழந்த திரும்பிக்கினு கீது போல, மருத்துவச்சி கிட்ட வர மாட்டேன்னுது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போவ ஒரு படகு மட்டும் குடுங்க."

படகு வைத்திருந்தவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அண்ணன் கையில் பிரம்பு இருந்தது. அவர் எழுந்தார், நேரே சந்நிதிக்குள் போனார், பிரம்பை அம்மன் காலடியில் படுக்க வைத்தார். வெளியே வந்து ஊரைப் பார்த்து, "கட்டு கட்டாவே இருக்கட்டும். உதவினவனுக்கும் அதே கட்டுன்னு சொன்னேன், அதுவும் இருக்கட்டும். நான் உதவப் போறேன்" என்றார். வேப்பமரத்தைத் தாண்டி நடந்தார். அண்ணி இடுப்புக் குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அவர் பின்னாலேயே ஓடினார். அண்ணி பின்னால் நான் ஓடினேன்.

வள்ளியைத் தூக்கி அண்ணனுடைய படகில் படுக்க வைத்தோம். அண்ணன் ஒரு முனையிலும் சிங்காரம் மறு முனையிலும் நின்று கோல் போட்டார்கள். வலி வரும்போதெல்லாம் வள்ளி, "அண்ணா, என்னை விட்டுடாத அண்ணா" என்று கத்தினாள். நாத்தனார் கணவரை அண்ணன் என்பது எங்கள் முறை. ஊர்க்கட்டு விழுந்த நாளிலிருந்து அந்த வார்த்தையை அவள் வாயில் நான் கேட்டிருக்கவில்லை.

"உட மாட்டேம்மா, உட மாட்டேன். இதோ ஆச்சு" என்று அண்ணன் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைத்துக்கொள்ள அவருக்குக் கை ஒழியவில்லை.

அக்கரையில் ஆரம்பாக்கத்து நெல்வயல்காரர் ஒருவர் எங்களைக் கண்டதும், ஏற்றியிருந்த எருவைத் தள்ளிவிட்டு வண்டியைக் கொடுத்தார். அவர் மனைவி தன் பழம்புடவைகளைக் கொண்டுவந்து வண்டியில் விரித்தார். கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரியில் வள்ளிக்குப் பெண் குழந்தை பிறந்தது, தாயும் பிழைத்தாள். அந்தக் குழந்தைதான் இன்று இந்த மலரை உங்களுக்கெல்லாம் தட்டில் வைத்துக் கொடுக்கும் கெட்டிக்காரி.

திரும்பி வந்தபோது ஊர்ப் பெரியவர்கள் எல்லையிலேயே காத்திருந்தார்கள். உயிருக்கு ஆபத்தான நேரம், யாரும் ஒன்றும் நினைக்கவில்லை, உள்ளே வாருங்கள் என்று அழைத்தார்கள். அண்ணன் தன் கோலை அவர்களிடம் நீட்டினார். "இதைக் கோயில்ல அவன் கோலு பக்கத்துல வெச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு, மணல்மேட்டில் சிங்காரம் குடிசைக்குப் பக்கத்தில் எங்களுக்கும் ஒரு குடிசை போட்டார். அம்மாவும் பிள்ளைகளோடு அங்கேயே வந்துவிட்டார்.

ஊர்க்கட்டு எப்படி இருக்கும் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. தீப்பெட்டி வந்த காலத்தில் நெருப்பு ஒரு பொருட்டில்லை, தண்ணீர்தான் கொன்றது. மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறும்வரை காத்திருந்து, கொட்டாங்குச்சியால் மொள்ள வேண்டும். அண்ணி ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. அவருக்கும் சேர்த்து நான் முணுமுணுத்தேன். மீன் பிடிக்க முடியாததால் அண்ணனும் சிங்காரமும் மணல்வழியே சுற்றிக்கொண்டு ஆரம்பாக்கத்துக்கு நெல்லறுக்கக் கூலிக்குப் போனார்கள். வலை பின்னத் தெரிந்த கைக்கு அரிவாள் படியவில்லை. "நீ அறுக்கறது நெல்லா, வெரலா?" என்று வண்டி கொடுத்த வீட்டம்மா கேலி செய்வாராம். அண்ணன் விரலில் கட்டுத்துணியோடு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவர் அந்த ஆண்டு சிரித்தது போல் அதற்கு முன் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஊரில் பிரம்பு அம்மன் காலடியிலேயே கிடந்தது. அதைத் தொட ஒருவருக்கும் துணிவு வரவில்லை. சித்திரை வெயிலில் ஒரு நாள், வேப்பமரத்தைத் தாண்டி ஓர் ஆள் தோளில் குடத்தோடு வருவது தெரிந்தது. எங்கள் ஊரில் ஆண்பிள்ளை குடம் தூக்கி யாரும் பார்த்ததில்லை. வந்தவர் கன்னியப்பன் சித்தப்பா. எந்தப் பிராதுக்காக இந்தக் கட்டு வந்ததோ, அந்தப் பிராதைக் கொடுத்தவர்.

அண்ணன் பதறிப்போனார். "சித்தப்பா, நீ இன்னாத்துக்கு வந்த? உனக்கும் கட்டு விழும்."

சித்தப்பா குடத்தை இறக்கி வைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் என் மொறையைக் கேட்டேன் நைனா, அதைக் குடுத்துட்ட. சிங்காரம் ஊட்டுத் தண்ணியை நான் கேட்டனா? ஊட்டுக்காரி தெனம் தண்ணி மொள்ளும்போது உங்களை நெனச்சி அழுவுறா. என் பேரைச் சொல்லி ஒரு கொழந்த தாகத்துல கெடந்தா எனக்கு எப்படி நைனா சோறு எறங்கும்?"

அண்ணன் எழுந்துபோய் அந்தக் குடத்துத் தண்ணீரை இரண்டு கையிலும் ஏந்திக் குடித்தார். நியாயம் கேட்டவருக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் நியாயம், அதற்கு மேல் போடுவதெல்லாம் போடுகிறவனின் பெருமைக்கு என்று அண்ணன் பின்னாளில் பலமுறை சொன்னார். அதை அவருக்குக் காட்டியவர் சித்தப்பாதான்.

அதன் பிறகு ஊர் சும்மா இருக்கவில்லை. தண்ணீரையும் மருத்துவச்சியையும் படகையும் இனி எந்த ஊர்க்கட்டிலும் நிறுத்துவதில்லை என்று பேசி, அம்மனிடம் பூப்போட்டுப் பார்த்தார்கள். வெற்றிலைப் பொட்டலத்தில் சிவப்புப் பூ வந்தால் அம்மனுக்குச் சம்மதமில்லை, வெள்ளைப் பூ வந்தால் சம்மதம். வெள்ளைதான் வந்தது. பூசாரி மாமா இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையையே கட்டினாரா என்று நான் இன்றுவரை அவரிடம் கேட்டதில்லை. மாமா, இதைப் படித்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம்.

தண்ணீர் வந்த பிறகும் அண்ணன் ஆடி வரை ஊருக்குள் வரவில்லை, ஏரியில் இறங்கவுமில்லை. ஆடித் திருவிழாவில் அவரும் சிங்காரமும் பக்கத்தில் பக்கத்தில் அம்மன் முன்னால் விழுந்து எழுந்தார்கள். ஊர் மறுபடியும் பிரம்பை நீட்டியது. தன் உறவுக்காரர் வழக்கு வந்தால் பிரம்பு வேறொருவர் கைக்குப் போக வேண்டும், ஒரே தப்புக்கு ஒரே தண்டனை என்று ஒப்புக்கொண்டால்தான் வாங்குவேன் என்றார். ஊர் ஒப்புக்கொண்டது. இரண்டும் இன்றுவரை நடக்கின்றன.

எழுபதுகளில் இறாலுக்கு விலை ஏறியது. வியாபாரிகள் வண்டி வண்டியாக வந்தார்கள். பாட்டை மொத்தமாகத் தன் ஆட்களுக்கு விட்டால் தலைவரைத் தனியாகக் கவனித்துக்கொள்வதாக ஒருவர் வீட்டுக்கே வந்து சொன்னார். அண்ணன் அவருக்கு டீ கொடுத்து, "எனக்கு இருக்கறது ஒரு மொறைதான். வேணும்னா அதைக் கேளுங்க, மத்தவங்களுது என்கிட்ட இல்ல" என்று அனுப்பிவிட்டார். கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வரப்போகின்றன என்ற பேச்சு எழுந்தபோது, படித்த பிள்ளைகள் போய்ப் பிழைக்கட்டும் என்று முதலில் சொன்னவரும் அவர்தான்.

நாற்பதைத் தாண்டிச் சில ஆண்டுகளே ஆன நிலையில் மஞ்சள் காமாலை அவரைப் பிடித்தது. நாட்டு மருந்து கேட்கவில்லை, சென்னை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனோம். கடைசியில் வீட்டுக்குப் போகலாம் என்று அவரே கேட்டு வந்தார். கடைசி நாட்களில் சிங்காரம் அவரை விட்டு அசையவில்லை. அண்ணியின் மடியில் அமைதியாகக் கண் மூடினார். அண்ணா, உனக்கு இவ்வளவு அவசரம் என்ன என்று கேட்க எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அன்று வண்டி கொடுத்து, இன்றும் எங்களை உறவாக நடத்தும் ஆரம்பாக்கத்துக் குடும்பத்தாருக்கு நன்றி. சென்னைக்கு அலைந்த பிள்ளைகளுக்கும், காரியங்களைக் குறைவில்லாமல் நடத்திக் கொடுத்த பூசாரி மாமாவுக்கும், இரவும் பகலும் கூட இருந்த சிங்காரத்துக்கும் வள்ளிக்கும் நன்றி.

இன்னும் ஒருவர் இருக்கிறார். தலைவராக இருந்தவர் இறந்தால் அவர் மார்பில் பிரம்பைச் சாத்தி, ஊர் எல்லை தாண்டிய பிறகே எடுப்பது எங்கள் வழக்கம். பிரம்பு இருக்கும்வரை உறவு சொல்லி அழக்கூடாது. வாசலில் அண்ணன் கிடந்தார், மார்பில் பிரம்பு கிடந்தது. நாங்கள் பெண்கள் சுற்றி உட்கார்ந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டிருந்தோம். அப்போது கன்னியப்பன் சித்தப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். குனிந்து பிரம்பை எடுத்தார். பூசாரி மாமா தடுக்கக் கையைத் தூக்கியவர், கையை இறக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சித்தப்பா என்னைப் பார்த்துச் சொன்னார்.

"பிரம்பை எடுத்துட்டேம்மா. இப்போ அவன் உங்க அண்ணன்தான். அழுவுங்க."

அண்ணா என்று நான் போட்ட சத்தம் ஏரிக்கு அந்தப் பக்கம் வரை கேட்டதாகச் சொல்கிறார்கள். வள்ளி சத்தம் அதைவிடப் பெரிதாம். அன்று எங்களை அழவிட்ட சித்தப்பாவுக்கு, இந்தக் குடும்பம் உள்ளவரை நன்றி.

கண்ணீருடன்,
அவருடைய தங்கை